நிலாவுக்கு ஆள் அனுப்ப எஸ்எல்எஸ் (நாசாவோட பெரிய ராக்கெட்) இனியும் வேணுமா? தனியார் ராக்கெட் போதாதா?

#1 நிலாக்கிறுக்கன்

நவம்பர் 13 (2025) ப்ளூ ஆரிஜின் கம்பெனியோட நியூ கிளென் ராக்கெட் ரெண்டாவது தடவை பறந்ததைப் பார்த்தீங்களா? செவ்வாய்க்குப் போற எஸ்கபேட் இரட்டை விண்கலங்களை வழியனுப்பிட்டு, அதோட பூஸ்டர் (ராக்கெட்டோட அடிக்கட்டம்) கடல்ல நின்ன கப்பல் மேல ஜம்முன்னு வந்து நின்னுச்சு. ஜனவரியில முதல் தடவை பறந்தப்ப அந்த பூஸ்டர் திரும்பி வரவே இல்லை. இன்னொரு பக்கம் ஸ்பேஸ்எக்ஸோட ஃபால்கன் 9, 2024-ல மட்டும் நூறு தடவைக்கு மேல கிளம்பியிருக்கு.

நாசாவோட எஸ்எல்எஸ்? இந்த 2025 நவம்பர் வரைக்கும் ஒரே ஒரு தடவை, 2022 நவம்பர் 16-ல, அதுவும் ஆள் இல்லாம. அடுத்த பயணத்துலயே நாலு பேரை ஏத்துறதுதான் திட்டம்.

நாசாவோட ஆர்ட்டெமிஸ் நிலாத் திட்டத்துல மனுஷங்களை நிலாவுக்குக் கொண்டுபோக எஸ்எல்எஸ்ஸை ஓரம் கட்டிட்டு தனியார் ராக்கெட்டுக்கு மாற முடியுமா? "மஸ்க் கிங்கு", "நாசா வேஸ்ட்டு" மாதிரி பதிலே வேண்டாம். எந்த ராக்கெட், எந்தக் கலம், எத்தனை டன்னு சொல்லுங்க.

#2 கணக்கப்பிள்ளை

முதல்ல காசைப் பேசிடுவோம், ஏன்னா எல்லாரும் அதை அரைகுறையாத்தான் பேசுறாங்க.

நாசாவோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2022 மார்ச்சுல அமெரிக்க காங்கிரஸ்ல சொன்ன கணக்கு: முதல் நாலு ஆர்ட்டெமிஸ் பயணங்கள்ல ஒவ்வொண்ணுக்கும் 410 கோடி டாலர். இது உருவாக்கின செலவைச் சேர்க்காம. எல்லாரும் இந்த 410-ஐ மட்டும் தூக்கிட்டுப் போய், "ஸ்பேஸ்எக்ஸோட ஃபால்கன் ஹெவி 9.7 கோடிதான்"னு பக்கத்துல வெச்சுடுறாங்க. ஆனா அந்த 410-ஐப் பிரிச்சுப் பாருங்க. ராக்கெட் 220. தரைக் கட்டமைப்பு 57 பக்கம். ஆளுங்க உட்கார்ந்து போற ஓரையன் கலம் 100. அதுக்குப் பின்னாடி எஞ்சினும் எரிபொருளும் இருக்குற, ஐரோப்பாக்காரங்க செய்யுற சர்வீஸ் மாட்யூல் 30. ராக்கெட்டை இலவசமாவே யாராவது கொடுத்தாலும், ஓரையன்ல போனா 130 கோடி அப்படியே நிக்கும்.

ராக்கெட்டுக்கு 220 எப்படி ஆகுதுன்னா, அடியில இருக்குற நாலு ஆர்எஸ்-25 எஞ்சினும் ஷட்டில் காலத்து எஞ்சின். திரும்பத் திரும்பப் பறக்கறதுக்குன்னே செஞ்சது. அதை ஒரே தடவையில கடல்ல போட்டுடுறாங்க. கையிருப்பு 16. அது தீர்ந்ததும் புதுசா வர்ற எஞ்சின் ஒவ்வொண்ணும் 10 கோடி டாலர் பக்கம். ஒரு எஞ்சின் காசுக்கு ஒரு முழு ஃபால்கன் ஹெவி!

#3 பழையபறவை

காசுக் கணக்கு சரி. ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட்டுப் போகலாம். எஸ்எல்எஸ்ஸைச் செய்வதும் கம்பெனிகள்தான். நடுக்கட்டம் போயிங், பக்கவாட்டு பூஸ்டர்கள் நார்த்ராப் கிரம்மன், மேல்கட்டம் யூஎல்ஏ. அப்பல்லோ காலத்து சாட்டர்ன் 5 ராக்கெட்டும் அப்படித்தான் வந்தது. வித்தியாசம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எஸ்எல்எஸ்ஸில் செலவு எவ்வளவு ஆனாலும் அரசு கொடுத்து, மேலே லாபமும் கொடுக்கும். வடிவமைப்பு அரசின் கையில். தனியார் ராக்கெட் ஒப்பந்தத்தில் விலை முதலிலேயே முடிவாகிவிடும். தாமதமானால் நஷ்டம் கம்பெனிக்கு.

இப்போது பாதுகாப்பு. சாட்டர்ன் 5 மூன்றாவது பயணத்திலேயே மூன்று பேரை நிலாவுக்குக் கொண்டுபோனது. அதற்கு முந்தைய பயணமான அப்பல்லோ 6-இல் ராக்கெட் நெடுக்குவாக்கில் குலுங்கியது, இரண்டாம் கட்டத்தில் இரண்டு எஞ்சின்கள் பாதியில் நின்றன. ஆகவே, "ஒரே தடவை பறந்த ராக்கெட்டில் ஆளா" என்று வாயைப் பிளக்க வேண்டியதில்லை. எஸ்எல்எஸ் அந்த மரபில் வந்தது. ஒவ்வொரு உதிரியையும் தனித்தனியாகச் சோதித்து, கணக்குப் போட்டு, கடைசியில்தான் பறக்கவிடுவார்கள். ஸ்பேஸ்எக்ஸ் வழி வேறு. பறக்கவிட்டு, உடைந்த இடத்தைப் பார்த்துத் திருத்துவார்கள். இரண்டாவது வழி ஆளில்லாத வரை அருமையானது.

இன்னொன்று, ஓரையன் தலையில் ஒரு தப்பிக்கும் கோபுரம் இருக்கிறது. கீழே ராக்கெட் வெடித்தாலும் கலத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஸ்பேஸ்எக்ஸின் புதிய பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பில் அப்படி எதுவும் கிடையாது. ஷட்டிலிலும் கிடையாது. 135 பயணங்களில் இரண்டு முறை குழுவோடு இழந்தோம்.

#4 டெல்டாவீ

டன் கணக்கு கேட்டீங்க, இந்தாங்க.

ஓரையன் சர்வீஸ் மாட்யூலோட சேர்த்து 26 டன்னுக்குக் கொஞ்சம் மேல. எஸ்எல்எஸ் இப்ப இருக்குற வடிவத்துல நிலாப் பாதையில தள்ளக்கூடியது 27 டன். அதாவது விளிம்புல நிக்குது. இதுவே ஒரு பிரச்சினை. ஓரையன்கிட்ட இருக்குற எரிபொருள்ல 1.3 கி.மீ/விநாடி பக்கம்தான் டெல்டா-வி (மொத்தமா மாத்தக்கூடிய வேகம்). அப்பல்லோ சர்வீஸ் மாட்யூல்ல பாதிகூட இல்லை. நிலாவை ஒட்டின தாழ்வான சுற்றுப்பாதைக்குப் போய்த் திரும்பணும்னா 1.8 வேணும். அதனாலதான் நிலாவைச் சுத்துற நீண்டு வளைஞ்ச என்ஆர்ஹெச்ஓ பாதையைத் தேர்ந்தெடுத்தாங்க.

இப்ப மாற்று. 2019 மார்ச்சுல அப்போதைய நாசா தலைவர் பிரைடன்ஸ்டைனே செனட் குழு முன்னாடி, "ஓரையனைத் தனியார் ராக்கெட்ல அனுப்ப முடியுமான்னு பார்க்கிறோம்"னு சொன்னார். அப்ப அலசினதுல ஒண்ணு, ஃபால்கன் ஹெவி மேல எஸ்எல்எஸ்ஸோட ஐசிபிஎஸ் மேல்கட்டத்தை வெச்சு, அதுக்கும் மேல ஓரையன். காகிதத்துல நடக்கும். ஹெவியோட மூணு பூஸ்டரையும் திரும்ப எடுக்காம விட்டா, தாழ்வான புவிச் சுற்றுப்பாதைக்கு 63.8 டன் போகும்.

நடைமுறையில என்ன இடிக்குதுன்னா, ஐசிபிஎஸ் திரவ ஹைட்ரஜன்ல ஓடுது. ஃபால்கன் மண்ணெண்ணெய் ஜாதி. ஏவுதளத்துல ஹைட்ரஜனுக்குத் தனியாத் தொட்டி, குழாய், கோபுரத்துல அந்த உயரத்துக்கு இணைப்புக் கை, எல்லாம் புதுசாப் போடணும். ராக்கெட் அவ்வளவு உயரமா ஆனதும் காத்துல வளையுற கணக்கு மொத்தமா மாறும். ஃபால்கன் ஹெவிக்கு ஆள் ஏத்தற சான்றிதழும் இல்லை. இதெல்லாம்கூடச் செஞ்சுடலாம். ஆனா ஐசிபிஎஸ், டெல்டா 4 ராக்கெட் குடும்பத்துல பொறந்தது. கடைசி டெல்டா 2024 ஏப்ரல்ல பறந்து முடிஞ்சது. அந்த உற்பத்தி வரிசையே இப்ப கிடையாது.

#5 சும்மாபார்ப்பவன்

ஆக எஸ்எல்எஸ்ஸுக்கு மாற்றா எஸ்எல்எஸ்ஸோட உறுப்பையே கடன் வாங்குறதுதான் மாற்றுத் திட்டமா 😂

#6 தென்றல்

டெல்டாவீ அண்ணா, எல்லாத்தையும் ஒரே ராக்கெட்ல ஏத்தணும்ங்கிற பிடிவாதம் எதுக்கு? சீனாக்காரங்களைப் பாருங்க. 2030-க்குள்ள இறங்கணும்னு வேலை பார்க்கிறாங்க. அவங்க திட்டத்துல லாங் மார்ச் 10 ரெண்டு தடவை பறக்குது. ஒண்ணுல லான்யுவே இறங்குகலம், இன்னொண்ணுல மெங்ஜோ குழுக்கலம். நிலாவைச் சுத்துற பாதையில ரெண்டும் சேருது. அது அரசு ராக்கெட்தான், ஆனா பிரிச்சு அனுப்பறது தப்பில்லைன்னு காட்டுது.

அதே மாதிரி: நியூ கிளென் 45 டன் வரைக்கும் தாழ்வான சுற்றுப்பாதைக்குத் தூக்கும்னு ப்ளூ ஆரிஜின் சொல்லுது. 26 டன் ஓரையன் தாராளமாப் போகும். யூஎல்ஏவோட வல்கன் ராக்கெட்ல ஒரு சென்டார் 5 மேல்கட்டத்தைத் தனியா அனுப்பி, ரெண்டையும் பூமிக்கு மேலயே இணைச்சு, சென்டாரை வெச்சு நிலாவுக்குத் தள்ளினா?

#7 டெல்டாவீ

தென்றல், நல்ல யோசனை. இதை நானும் ரொம்ப நாளா உருட்டிப் பார்த்திருக்கேன்.

இடிக்கிற இடம் இதுதான். ஓரையனோட இணைப்பு வாசல் மூக்குல இருக்கு. சென்டாரை அந்த மூக்குலதான் கோக்கணும். அப்ப எஞ்சின் எரியும்போது கலம் தலைகீழாப் போகும். சாதாரணமா ராக்கெட் கிளம்பும்போது சீட் உங்க முதுகைத் தள்ளும். இங்க உடம்பு சீட்டை விட்டு வெளியே விழப் பார்க்கும், பெல்ட்தான் பிடிச்சு வைக்கும். கண்ணு வெளிய வர்ற மாதிரி இருக்கும்னுதான் விமானிகள் சொல்வாங்க. சூரியத் தகடுகளும் அந்த இழுவையைத் தாங்கணும்.

முடியாத காரியம்னு சொல்லலை. 1966 செப்டம்பர்ல ஜெமினி 11 செஞ்சிருக்கு. கான்ராடும் கார்டனும் மூக்குல அஜீனா ராக்கெட்டை மாட்டிக்கிட்டு, அதை எரிச்சு 1,369 கி.மீ உயரத்துக்குப் போனாங்க. ஆனா ஜெமினி நாலு டன்னுக்கும் குறைவு. ஓரையன் 26. அதோட சென்டார்ல இணைப்பு வளையமே கிடையாது, புதுசாச் செய்யணும். இன்னொரு ராக்கெட் தாமதமானா அதுவரைக்கும் ஹைட்ரஜன் ஆவியாப் போகாமக் காக்கவும் செய்யணும்.

#8 பழையபறவை

மேற்கோள்: "இன்னொரு ராக்கெட் தாமதமானா"

அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2022-இல் ஆர்ட்டெமிஸ் 1 கிளம்புவதற்குள் என்ன பாடுபட்டது! ஆகஸ்ட் 29 ரத்து. செப்டம்பர் 3 ஹைட்ரஜன் கசிந்து மறுபடி ரத்து. பிறகு சூறாவளி பயந்து கொட்டகைக்குள் இழுத்துப்போனார்கள். நவம்பரில்தான் பறந்தது. ஒரு ராக்கெட்டுக்கே இந்தக் கதி. இரண்டு ராக்கெட்டுகள் குறித்த நாட்களுக்குள் கிளம்பியே ஆக வேண்டும் என்றால், மேலே முதலில் போய் நிற்கிற கட்டம் குழு வரும் வரை குளிர்ந்த எரிபொருளோடு காத்திருக்க வேண்டும்.

#9 கணக்கப்பிள்ளை

ஐயா, அந்த உதாரணம் எஸ்எல்எஸ்ஸுக்கு எதிராத்தான் பேசுது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஏவுற ராக்கெட்டுன்னா, ஹைட்ரஜன் குழாயைப் பிடிச்சுப் பழகின கை ஒவ்வொரு தடவையும் மறுபடி கத்துக்கணும். வாரத்துக்கு ரெண்டு ராக்கெட் ஏவுற கூட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2024 ஜூலையில ஃபால்கன் 9 மேல்கட்டத்துல ஆக்ஸிஜன் கசிஞ்சு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை இழந்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு, காரணத்தைக் கண்டுபிடிச்சு, மறுபடி பறந்தாங்க. எஸ்எல்எஸ்ல அப்படி ஒண்ணு நடந்தா விசாரணைக் கமிட்டி அமைக்கவே ரெண்டு மாசம்.

யூரோப்பா கிளிப்பர் ஞாபகம் இருக்கா? வியாழனோட நிலாவுக்குப் போற விண்கலம். எஸ்எல்எஸ்லதான் போகணும்னு காங்கிரஸ் சட்டத்துலயே எழுதி வெச்சிருந்துச்சு. எஸ்எல்எஸ் கிடைக்குற வழியா இல்லை, அதோட அதிர்வும் விண்கலத்துக்கு ஒத்துவரலை. கடைசியில 17.8 கோடி டாலருக்கு ஃபால்கன் ஹெவி ஒப்பந்தம். 2024 அக்டோபர் 14-ல போயிடுச்சு. மிச்சம் 200 கோடி டாலர்னு கணக்கு.

#10 பழையபறவை

கணக்கப்பிள்ளை, முழுக் கணக்கையும் சொல்ல வேண்டும் அல்லவா? எஸ்எல்எஸ் நேராக அனுப்பியிருந்தால் மூன்று வருடத்துக்குள் வியாழன். ஃபால்கன் ஹெவியில் செவ்வாயையும் பூமியையும் சுற்றி வேகம் பிடித்து, 2030 ஏப்ரலில்தான் போய்ச் சேரும். இயந்திரம் ஐந்தரை வருடம் பயணம் செய்யும், ஒன்றும் ஆகாது. மனிதர்களை அப்படிச் சுற்றுவழியில் அனுப்ப முடியாது. அங்கே வேகம்தான் விலை.

#11 நிலாக்கிறுக்கன்

சரி, எல்லாரும் ஓரையனையே கட்டிக்கிட்டு அழுறோம். ஓரையனையும் தூக்கிப் போடுங்க. ஃபால்கன் 9-ல ஸ்பேஸ்எக்ஸோட டிராகன் கலம் 2020-ல இருந்து ஆள் ஏத்திக்கிட்டு ஒழுங்காப் போய் வருது. குழு டிராகன்ல மேல போகட்டும். அங்க எரிபொருள் நிரப்பி வெச்ச ஸ்டார்ஷிப்புல ஏறிக்கட்டும். நிலாவுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி டிராகன்ல ஏறி இறங்கட்டும். தப்பிக்கும் வசதி இல்லைங்கிற பிரச்சினையும் போச்சு, ஏன்னா கிளம்பறதும் இறங்கறதும் டிராகன்லதான்.

#12 டெல்டாவீ

இதுதான் இந்த இழையிலயே உருப்படியான கேள்வி. பதில் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல, டிராகனே நிலா வரைக்கும் போகாதான்னு அடுத்து யாராவது கேப்பீங்க. தாழ்வான சுற்றுப்பாதையில இருந்து திரும்புற கலம் 7.8 கி.மீ/விநாடி வேகத்துல வளிமண்டலத்துல நுழையும். நிலாவில இருந்து திரும்பினா 11. ஆற்றல் வேகத்தோட இருமடிக்குப் போறதால அதுவே ரெண்டு மடங்கு, வெப்பம் அதைவிடக் கூடுதல். ஓரையனோட கவசத்துக்கே ஆர்ட்டெமிஸ் 1-ல என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல? நூத்துக்கும் மேற்பட்ட இடத்துல கருகின பொருள் எதிர்பாராத விதமாப் பிஞ்சு போயிருந்துச்சு. உள்ள உருவான வாயு வெளியேற வழியில்லாம விரிசல் விட்டதுதான் காரணம்னு 2024 டிசம்பர்ல சொன்னாங்க. அதுக்குன்னே வடிவமைச்ச கவசத்துக்கே இந்த நிலைமை. ஆக டிராகன் பூமிக்குப் பக்கத்துலயே நிக்கட்டும்.

இப்ப நடுவுல போற வண்டி. நிலாவுல இறங்கறதுக்குன்னு செய்யுற ஸ்டார்ஷிப்புல வெப்பக் கவசம் கிடையாது. அது திரும்பி வந்தா வளிமண்டலத்துல உரசி வேகம் குறைக்க முடியாது, எஞ்சினை எரிச்சுத்தான் குறைக்கணும். கணக்கு, கி.மீ/விநாடியில: நிலாப் பாதைக்கு 3.2, நிலாவைச் சுத்த 0.9, இறங்க 1.9, ஏற 1.9, கிளம்ப 0.9, பூமிப் பக்கம் வந்து நிக்க மறுபடி 3.2. கூட்டினா 12. எந்த ஸ்டார்ஷிப்பும் ஒரே தொட்டி எரிபொருள்ல அதைத் தராது.

அப்ப ரெண்டு ஸ்டார்ஷிப். ஒண்ணு இறங்குற வண்டி, அது நிலாப் பக்கத்துல நிக்குது. இன்னொண்ணு பூமிக்கும் என்ஆர்ஹெச்ஓவுக்கும் நடுவுல போய் வர்ற வண்டி: 3.2, 0.45, 0.45, 3.2. மொத்தம் 7.3. தொட்டி நிறைச்ச ஸ்டார்ஷிப்புக்கு இது முடியும். நீங்க சொன்ன வழியில ஓரையனும் வேண்டாம், எஸ்எல்எஸ்ஸும் வேண்டாம்.

விலை என்னன்னா டேங்கர், அதாவது மேல எரிபொருள் கொண்டுபோய்க் கொடுக்குற ஸ்டார்ஷிப் பயணங்கள். ஒரு இறங்குகலத்தை நிரப்பவே பத்துப் பக்கம்னு ஸ்பேஸ்எக்ஸ் சொல்லுது. பதினஞ்சைத் தாண்டி இருபதுக்குள்ள வரும்னு 2023-ல நாசா பக்கத்துல இருந்தே சொன்னாங்க. ரெண்டு வண்டின்னா அதுக்கு மேல. ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்கு உறையவைக்கும் குளிர்ல இருக்குற எரிபொருளை எடையில்லாத இடத்துல மாத்துறதை அந்த அளவுல 2025 நவம்பர் வரைக்கும் யாருமே செஞ்சு காட்டலை. 2024 மார்ச்சுல ஒரே கப்பலுக்குள்ள ஒரு தொட்டியில இருந்து இன்னொரு தொட்டிக்கு மாத்திப் பார்த்தாங்க, அவ்வளவுதான்.

என் முடிவு: எஸ்எல்எஸ்ஸை இன்னொரு ராக்கெட்டால மாத்துறதுன்னு கேள்வியை வெச்சா பதில் கிடைக்காது. எஸ்எல்எஸ்ஸுக்கு மாற்று எரிபொருள் மாத்துற அந்த இணைப்புக் குழாய்தான். அது வேலை செஞ்ச அன்னைக்கு 27 டன்னு, 45 டன்னுன்னு நாம போடுற சண்டைக்கே அர்த்தம் இருக்காது.

#13 சும்மாபார்ப்பவன்

ஒரு சந்தேகம். நிலாவுல இறங்கப் போறதே ஸ்டார்ஷிப்தானே? அந்தக் குழாய் வேலை செய்யலைன்னா எஸ்எல்எஸ் கொண்டுபோய் விட்டும் பிரயோஜனம் இல்லையே. என்ஆர்ஹெச்ஓவுல நாலு பேரும் ஜன்னல் வழியா நிலாவைப் பார்த்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

#14 தென்றல்

😀 இத்தனை பெரிய பதிவுகளுக்கு நடுவுல இவர்தான் பாயிண்டைப் பிடிச்சார். 2021-லயே 289 கோடி டாலருக்கு இறங்குகல ஒப்பந்தம் ஸ்பேஸ்எக்ஸுக்குப் போயாச்சு. 2023-ல ப்ளூ ஆரிஜினுக்கு 340 கோடி. அவங்க கலத்துக்கும் விண்வெளியில எரிபொருள் நிரப்பணும், அதுவும் ஹைட்ரஜன். ஆக இறங்குறதுக்குத் தனியாரை ஏற்கெனவே நம்பியாச்சு. கிளம்பறதுக்கு மட்டும்தான் சண்டை.

#15 பழையபறவை

இறங்குவதற்கு நம்பியாகிவிட்டது என்றால், இறங்குவதில் தனியார் வரலாறு என்ன என்றும் பார்ப்போமே. ஆளில்லாச் சிறு கலங்கள்தான், இருந்தாலும். 2024 ஜனவரியில் பெரிக்ரின் நிலாவுக்கே போகவில்லை. பிப்ரவரியில் ஒடிசியஸ் இறங்கிச் சாய்ந்தது. 2025 மார்ச்சில் ப்ளூ கோஸ்ட் அழகாக நின்றது. அதே வாரத்தில் அதீனா பக்கவாட்டில் கவிழ்ந்தது. "தனியார்" என்று ஒரே பொட்டலமாகக் கட்டி மதிப்பெண் போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

போயிங்கின் குழுக்கலமான ஸ்டார்லைனரும் தனியார் ஒப்பந்தம்தான். 2014-இல் போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. அதிகம் வாங்கியவர்கள் அனுப்பிய கலம் 2024 செப்டம்பரில் ஆளில்லாமல் திரும்பியது. சுனிதா வில்லியம்ஸும் வில்மோரும் 2025 மார்ச்சில் டிராகனில் வந்து இறங்கினார்கள்.

#16 கணக்கப்பிள்ளை

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், வேற முனையில இருந்து. ரெண்டு பேருக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்ததாலதான் அவங்க திரும்பி வர வழி இருந்துச்சு. எஸ்எல்எஸ்ஸுக்கு ரெண்டாவது ஆள் யாரு? யாரும் இல்லை.

ஆனா எனக்கு வேற ஒரு பயம் இருக்கு. கம்பெனிக்கு ஒருநாள் ஆர்வம் போயிட்டா? 2017-ல ஃபால்கன் ஹெவியில டிராகனை வெச்சு ரெண்டு பேரை நிலாவைச் சுத்தக் கூட்டிட்டுப் போறோம்னாங்க. அடுத்த வருஷமே கைவிட்டாங்க. ஜப்பான் கோடீஸ்வரரோட டியர்மூன் பயணம் 2024 ஜூன்ல ரத்து. தனியார் காசுல நடந்ததால யாரும் கேள்வி கேக்க முடியாது. அரசுத் திட்டத்தை ரத்து பண்ணுறது எவ்வளவு கஷ்டம்னும் பாருங்க. 2025 மே மாசம் வெள்ளை மாளிகை, மூணாவது பயணத்தோட எஸ்எல்எஸ்ஸையும் ஓரையனையும் நிறுத்திடலாம்னு பட்ஜெட்ல எழுதுச்சு. ஜூலையில கையெழுத்தான சட்டத்துல, நாலாவது அஞ்சாவது பயணத்துக்குன்னு எஸ்எல்எஸ்ஸுக்கு மறுபடி 410 கோடி டாலர் வந்து உட்கார்ந்துச்சு. அத்தனை மாநிலத்துல அத்தனை தொழிற்சாலை. அது கழுத்துல கட்டின கல்லும்தான், காப்புறுதியும்தான்.

#17 மட்டுறுத்துநர்

ரெண்டு பதிவு நீக்கப்பட்டது. மஸ்க்கையும் பெஸோஸையும் பத்தித் திட்டணும்னா அரட்டைப் பகுதி இருக்கு. இழை நல்லாப் போகுது, கெடுக்காதீங்க.

#18 நிலாக்கிறுக்கன்

நன்றி மட்டு. அப்ப நடைமுறையில வரிசை எப்படி இருக்கும்? இருக்குற எஸ்எல்எஸ்ஸை எல்லாம் பறக்கவிட்டுட்டு, அதுக்குள்ள தனியார் தயாரானா மாத்திக்கலாம்னா? 2025 அக்டோபர்ல நாசாவோட அப்போதைய தற்காலிகத் தலைவர் டஃபியே ஸ்பேஸ்எக்ஸ் பின்தங்கிடுச்சு, மூணாவது பயணத்தோட இறங்குகலத்துக்கு மறுபடி போட்டி வைக்கிறோம்னு சொல்லிட்டாரே.

#19 பழையபறவை

வரிசை எனக்கு முக்கியமில்லை, நிபந்தனைதான் முக்கியம். ஃபால்கன் 9-இல் ஆள் ஏற்றுவதற்கு முன் நாசா என்ன கேட்டது? வடிவமைப்பை அப்படியே நிறுத்திவையுங்கள், மாற்றாமல் ஏழு முறை பறந்து காட்டுங்கள் என்றது. 2016 செப்டம்பரில் ஏவுமேடையில் ஒரு ஃபால்கன் வெடித்ததே, அதற்குக் காரணமான ஹீலியம் தொட்டிகளைப் புதிதாக வடிவமைக்கச் சொன்னது. குழு உட்கார்ந்த பிறகு எரிபொருள் நிரப்புவதா என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள். எல்லாம் முடிந்து 2020 மே 30-இல் இரண்டு பேர் போனார்கள்.

ஸ்டார்ஷிப்புக்கும் நியூ கிளென்னுக்கும் அதே அளவுகோலை வைத்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஸ்டார்ஷிப் 2025 நவம்பர் வரை பதினோரு முறை பறந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருந்தது. அந்தப் பதினோரு முறையில் சுற்றுப்பாதையில் ஒரு முழுச் சுற்றுகூடப் போகவில்லை.

#20 தென்றல்

ஐயா, அதே அளவுகோலை எஸ்எல்எஸ்ஸுக்கும் வைக்கணுமில்ல? ஏழு தடவை மாத்தாமப் பறக்கணும்னா, இப்ப போற வேகத்துல இருபது வருஷம் ஆகும். 2025-ல இருந்த திட்டப்படி நாலாவது பயணத்துல மேல்கட்டமே வேற. அதுல முதல் தடவையே ஆள்.

#21 பழையபறவை

உண்மைதான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தப்பிக்கும் கோபுரம் இருக்கிறது என்பதைத் தவிர.

#22 டெல்டாவீ

அந்தப் பதில் சின்னதில்லைங்க ஐயா. ஆனா அது ஓரையனோட சொத்து, எஸ்எல்எஸ்ஸோடது இல்லை. ஓரையன் எந்த ராக்கெட் மேல உட்கார்ந்தாலும் கூடவே வரும்.

எரிபொருள் மாற்றும் சோதனை எப்ப நடக்குதோ அப்ப இதே இழையில நேரலைப் பதிவு போடுறேன். பார்க்க வேண்டியது ரெண்டு எண்: எத்தனை டன் மாறுச்சு, எத்தனை நாள் ஆவியாகாம நின்னுச்சு.